நானூற்றிரண்டாம் பக்கம்

ஏப்ரல் 7, 2025 – திங்கள்

மதியம் இரண்டரைக்கு எண்ணிக்கை ஒருவழியாக நின்றது. 6,412. ஐந்து தரவுத்தளங்களில் தேடி இறக்கிய கட்டுரைப் பதிவுகள். தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, பக்கம், சுருக்கம் – இவ்வளவும் சேர்ந்தது ஒரு பதிவு. தென்னை ஓலை மஞ்சளாவதற்கு இதுவரை யார் யார் என்னென்ன வைத்துப் பார்த்தார்கள், எது கேட்டது, எது கேட்கவில்லை என்று மொத்தத்தையும் திரட்டிப் படித்து, கடைசியில் விவசாயி கையில் ஒரே ஒரு துண்டுப் பிரசுரம் கொடுக்க வேண்டும். கிருபா மேடத்தின் திட்டம். பீளமேட்டில் இந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு நான் வந்து நாலு வருடம் ஆகிறது. அடையாள அட்டையில் இன்னும் 'அன்புக்கரசி, திட்ட உதவியாளர், தற்காலிகம்' என்றுதான் இருக்கிறது.

ஐந்து இடத்தில் தேடினால் ஒரே கட்டுரை ஐந்து வேடத்தில் வந்து நிற்கும். ஓரிடத்தில் ஆசிரியர் பெயர் முழுசாக, இன்னோரிடத்தில் இனிஷியலோடு. ஓரிடத்தில் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். இதெல்லாம் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் ஒரே ஆள் சொன்ன சாட்சியை ஐந்து பேர் சொன்னதாக எண்ணிவிடுவோம். போன திட்டத்தில் இதைக் கையால் செய்தேன். ஐந்து வாரம், கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு.

இந்தத் தடவை மென்பொருள் வருகிறது. கணினிப் பிரிவு கௌதமன் நாளைக்குப் போட்டுத் தருகிறானாம். என் ஐந்து வாரத்தை அது எத்தனை நாளில் முடிக்கும் என்று கேட்டேன். "நாளெல்லாம் எதுக்குங்க, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றான். நான் கேட்டிருக்கவே கூடாது.

ஏப்ரல் 9 – புதன்

டீ குடித்துவிட்டு வந்தேன். முடிந்திருந்தது.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் முதலில் வந்தது எரிச்சல். ஐந்து வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவளுக்கு வேறென்ன வரும்? இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று சொல்கிறது. தொண்ணூற்றைந்துக்கு மேல் என்றால் தானே ஒன்றைக் கழித்துவிடுகிறது. அதற்குக் கீழே சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கிறது. கேட்கிற விதத்திலாவது மரியாதை இருக்கிறது.

ஏப்ரல் 11 – வெள்ளி

தொள்ளாயிரம் ஜோடியை என் தலையில் கட்டிவிட்டது. என்ன சந்தேகம் என்று பார்த்தால் – பக்க எண். ஒரு தரவுத்தளம் 211–219 என்று போடுகிறது, இன்னொன்று 211–9 என்கிறது, மூன்றாவது அந்த இடத்தை வெறுமையாக விடுகிறது. மனுஷியாகப் பிறந்த யாருக்கும் அது ஒன்றுதான் என்று தெரியும். இதற்குத் தெரியவில்லை.

கௌதமனைக் கூப்பிட்டேன். அமைப்பில் 'பக்க எண்ணையும் ஒப்பிடு' என்று ஒரு கட்டம் இருக்கிறது, டிக்கை எடுத்தால் பக்கத்தைப் பார்க்காது என்றான். எடுத்தேன். தொள்ளாயிரம் நூற்று நாற்பதாக இறங்கியது. எடுக்கிறது சரிதானா, ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னான். நான் பார்த்த பக்கங்களை நீ வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டாய் என்று பதில் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஏப்ரல் 12 – சனி

நூற்று நாற்பதும் முடிந்தது. மொத்தம் கழித்தது 2,391. மீதி 4,021. தலைக்குக் குளித்துவிட்டு மதியம் முழுக்க விடுதி அறையில் தூங்கினேன்.

ஏப்ரல் 27 – ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். ஆனைமலைக்கு இந்தப்பக்கம் நாற்பத்திரண்டு மரம், வாய்க்கால் ஓரம். அப்பா குத்தகைக்கு எடுத்து இது மூன்றாம் வருடம். எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் தோப்பில் ஏறினார்கள், வெட்டினார்கள், உரித்தார்கள். தோப்பை எடுத்துப் பார்க்கிற முதல் ஆள் அப்பாதான். வெள்ளியங்கிரி என்று குத்தகைத் தாளில் தன் பெயர் இருப்பதை நாலாக மடித்து அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறார். ஆடி கழிந்ததும் அதைப் புதுப்பிக்க வேண்டும். தோப்புக்காரர் வெங்கடபதி புதுப்பிப்பாரா என்பது வருடா வருடம் அம்மாவின் கவலை.

ஏழு மரத்தில் ஓலை மஞ்சளாகிவிட்டது. அப்பா ஓலையைக் கையில் பிடித்துக் காட்டினார், காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உங்கள் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கேட்டார். இன்னும் சொல்லவில்லை, சொன்னதும் உங்களுக்குத்தான் முதலில் என்றேன்.

மே 19 – திங்கள்

4,021-ஐ முப்பத்தொன்றாகக் குறைத்தோம். நானும் மேடமும் தனித்தனியாகப் படித்து, ஒத்துப்போகாத இடத்தில் சண்டை போட்டு. அவர் சண்டை போடும்போதும் 'வாங்க போங்க'தான்.

ஜூன் 6 – வெள்ளி

அட்டவணை தயார். முப்பத்தொன்றில் மூன்று ஆய்வுகள் ஒரே நுண்ணூட்டக் கலவையைப் பற்றியவை. அதில் பெரியது அறுநூறு மரம், மூன்று வருடம், 2014-இல் வந்தது. மற்ற எதைக் காட்டிலும் நன்றாகக் கேட்டிருக்கிறது. தடவைக்கு 300 கிராம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முன்னூறு கொஞ்சம் தாராளமாக இருக்கிறதே என்று மேடம் பேனாவைக் கடித்தார். மூலக் கட்டுரையை இருவரும் மறுபடி திறந்து பார்த்தோம். ஒன்பது பக்கம். அட்டவணை இரண்டில் முன்னூறுதான். பிரசுரத்திலும் அதுவே போகட்டும் என்று முடிவானது.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். பிரசுரம் வர இன்னும் ஒரு மாதம் ஆகும். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நாலு வருடமாக நான் என்ன வேலை செய்கிறேன் என்று அப்பா ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. ஒரு தடவையாவது என் வேலை எங்கள் வீட்டு வாசலுக்கு முதலில் போய்ச் சேரட்டுமே. முன்னூறு கிராம், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, மரத்தைச் சுத்தி வட்டப்பாத்தியில என்று சொன்னேன். அப்பா அதைத் திருப்பி ஒருமுறை சொன்னார். பிறகு, "சரிங்கம்மணி" என்றார்.

அப்பா அப்படிச் சொன்னால் அன்றைக்கு எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஜூன் 29 – ஞாயிறு

அப்பாவிடம் மரம் எப்படி என்று கேட்டேன். மழை நல்லாப் பேயுது, நீ சாப்பிட்டியா என்று கேட்டார்.

ஜூலை 14 – திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பிரசுரம் வெள்ளிக்கிழமையே கோட்டைமேட்டில் நசுருதீன் பாய் அச்சகத்துக்குப் போய்விட்டது. ஐயாயிரம் பிரதி. புதன்கிழமை வேளாண் அலுவலகத்து வண்டி வந்து எடுத்துப் போகும். எனக்கு மிச்சமிருந்தது ஆராய்ச்சிக் கட்டுரையின் பின்னிணைப்பு மட்டும். கழித்த பதிவுகளின் பட்டியலையும் அனுப்பச் சொல்லி இதழ்க்காரர்கள் கேட்கிறார்கள். 2,391 ஜோடி. யாரும் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் அனுப்பும் முன் ஒரு ஓட்டம் பார்க்கலாம் என்று உருட்டிக்கொண்டே போனேன்.

ஜோடி 1,738. அதே தலைப்பு. அதே மூன்று ஆசிரியர்கள். அதே இதழ், அதே ஆண்டு. 98 சதவீதம். இடது பக்கப் பதிவில் பக்கம் 211–219. வலது பக்கப் பதிவில் பக்கம் 402.

211–9 என்று இருந்திருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். 402? ஒன்பது பக்கக் கட்டுரை, அதே வருடக் கடைசியில், ஒற்றைப் பக்கமாக எதற்கு இன்னொரு தடவை வர வேண்டும்? அந்த இதழின் பழைய தொகுப்புகள் எங்கள் நூலகத்து மாடியில் இருக்கின்றன. போய் எடுத்தேன். தூசி. 402-ஆம் பக்கத்தில் எட்டு வரி. மேலே சின்ன எழுத்தில் 'திருத்தம்' என்று ஒரு சொல். தரவுத்தளத்தில் பதிவு ஏற்றியவர்கள் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள். கீழே: தங்கள் கட்டுரையின் இரண்டாம் அட்டவணையில் 'தடவைக்கு 300 கிராம்' என்று தவறாக அச்சாகிவிட்டது, அது ஆண்டு முழுமைக்குமான அளவு, ஆறு தடவையாகப் பிரித்து, தடவைக்கு 50 கிராம் என்று படிக்க வேண்டும், பிழைக்கு வருந்துகிறோம்.

அவர்கள் தப்பைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். அந்தத் திருத்தத்தை, தப்பின் நகல் என்று நான் கழித்துப் போட்டிருக்கிறேன். மென்பொருள் இல்லை, நான். பக்கத்தைப் பார்க்காதே என்று டிக்கை எடுத்தது நான்.

ஆறு மடங்கு. அப்பா.

படிக்கட்டிலேயே நின்று போன் போட்டேன். எடுக்கவில்லை. அம்மாவுக்குப் போட்டேன். அப்பா தோப்பில் இருக்கிறார், போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது என்றாள். ஏன் கண்ணு ஒருமாதிரி பேசுற என்றாள். ஒண்ணுமில்ல என்றேன். நாற்பத்திரண்டு மரம். எரிந்துபோனால் என்ன செய்வது? எங்கே போய் நிற்பது? வெங்கடபதியிடம் அப்பா என்னவென்று சொல்வார்? ஐயோ, ஏன் நான் அன்னைக்குப் போன் பண்ணுனேன், யாரு என்னைக் கேட்டா –

ஆறரை மணிக்கு அப்பாவே கூப்பிட்டார். அந்தக் கலவையை மரத்துக்கு வைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். எந்தக் கலவை என்று திருப்பிக் கேட்டார். "இன்னும் வெக்கலீங்கண்ணு. மழையில கரைஞ்சு போயிருமுன்னு உட்டுட்டேன்" என்றார். வைக்க வேண்டாம், நான் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனை வைத்ததும் விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பாடா.

இன்னொன்றும் இங்கே எழுதி வைக்கிறேன், வேறு எங்கும் எழுத முடியாது. அந்தப் பட்டியலை யாரும் படிக்கப் போவதில்லை என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அக்டோபரில் என் பணி நீட்டிப்பு வருகிறது என்றும் நினைத்தேன். ஒரு நிமிடம்தான். ஆனால் நினைத்தேன். மேடத்திடம் காலையில் நேரில் சொல்ல வேண்டும்.

ஜூலை 15 – செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மேடம் 402-ஆம் பக்கத்தின் நகலை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். டிக்கை எடுத்த கதையை நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பாவுக்குச் சொன்னதையும் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"முன்னூறு தாராளமா இருக்குன்னு தோணியும் கையெழுத்துப் போட்டது நாந்தான் அன்பு. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்காதீங்க. மொதல்ல அச்சகத்துக்குப் போங்க."

போன் செய்தால் பாய் எடுக்கவில்லை. இயந்திரம் ஓடும்போது அவர் எடுக்க மாட்டார். காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு டவுன் பஸ் பிடித்தேன். உக்கடத்துக்கு முன்னால் நெரிசலில் மாட்டிக்கொண்டது. இறங்கி நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன், ஓடினேன்.

ஐந்து கட்டு, சணல் கட்டி, வாசல் பக்கம் தயாராக அடுக்கியிருந்தது. வண்டி இன்றைக்கே வந்தாலும் வரும் என்று போன் வந்ததாம், அதனால் எடுத்து வைத்துவிட்டாராம். வந்ததா என்று கேட்டேன். வரவில்லை. அந்தக் கட்டுகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் யாரையோ கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, பாய் ஒரு வழி சொன்னார். மொத்தத்தையும் வீணாக்க வேண்டாம், பிழை திருத்தம் என்று சின்னச் சீட்டு அடித்து உள்ளே வைத்துவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். நல்ல மனுஷன், எங்களுக்காகத்தான் சொன்னார். ஆனால் சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த எட்டு வரிதான் ஞாபகம் வந்தது.

"வேண்டாங்க பாய். சீட்டு தனியா உழுந்துபோகும். தப்பு மட்டும் தோப்புக்குப் போயிரும்" என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு ஆளைக் கூப்பிட்டு, கட்டுகளை உள்ளே எடுத்துப் போடச் சொன்னார். மேடம் போனில் பேசினார். மறுபடி அடிப்பதென்று முடிவானது.

ஜூலை 17 – வியாழன்

மறு அச்சுக்கு முன் ஐம்பது கிராம் என்பதை உறுதி செய்துகொள்ள, அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னகேசவனுக்கு மேடம் சொல்லி நான் மின்னஞ்சல் போட்டிருந்தேன். ஓய்வு பெற்று எங்கேயோ இருக்கிறார், பதில் வராது என்று நினைத்தேன். இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. ஐம்பதுதான், சந்தேகமே வேண்டாம் என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி: இந்தத் திருத்தம் அச்சாகிப் பதினோரு வருடம் ஆகிறது, இதைப் பற்றிக் கேட்டு எழுதிய முதல் ஆள் நீங்கள்.

அந்த எட்டு வரியை எழுதிய அன்றைக்கு அவருக்கும் என்னைப் போலத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஜூலை 18 – வெள்ளி

டிக்கைத் திரும்பப் போட்டு முழுவதையும் மறுபடி ஓட்டினோம். கௌதமன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விதி எழுதிக் கொடுத்தான். ஒரு பதிவு பல பக்கம், இன்னொன்று ஒற்றைப் பக்கம் என்று வந்தால் எத்தனை சதவீதம் ஒத்துப்போனாலும் கழிக்காமல் என்னிடம் வரும். அப்படி இன்னும் இரண்டு திருத்தங்கள் சிக்கின. ஒன்று ஆசிரியரின் முகவரி மாற்றம், இன்னொன்று படத்தின் நிறம். மருந்தளவு எதுவும் இல்லை. மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

'அப்பவே சொன்னேனே' என்று அவன் சொல்லுவான் என்று மூன்று நாளாகக் காத்திருக்கிறேன். சொல்லவில்லை. கடைசியில் நானே சொன்னேன், நீ அன்றைக்குச் சொன்னாய் என்று. "ரெண்டாயிரத்துச் சொச்சம் ஜோடிய உருட்டிப் பாக்கறதுக்கு யாருக்குங்க பொறுமை இருக்குது" என்றான். அவ்வளவுதான்.

ஜூலை 20 – ஞாயிறு

பொள்ளாச்சி போய், அங்கிருந்து ஊர் பஸ்ஸில் தோப்புக்கு. அப்பா வாய்க்கால் பக்கமாகவே என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். மரங்கள் மழைக்குப் பிறகு தெளிவாக இருந்தன. முன்பிருந்த ஏழில் மஞ்சள் அப்படியேதான், கூடவில்லை. பம்புசெட் பக்கம் போகலாமா என்றால், அங்கே சேறு என்றார். நாலு நாளாக நல்ல வெயில், சேறு எங்கிருந்து வரும்? அம்மா பம்புசெட்டிலிருந்து தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டாள், போனேன்.

பம்புசெட்டை ஒட்டிய மரம். அடியோலைகள் நாலைந்து வெட்டப்பட்டிருந்தன. மிச்சமிருந்த கீழோலைகள் நுனியிலிருந்து பாதிவரை கருகிப் பழுப்பாக இருந்தன. நோய் அப்படி வராது. எனக்கு அந்த முப்பத்தொரு கட்டுரையும் மனப்பாடம், நோய் அப்படி வராது.

அப்பா பின்னால் வந்து நின்றார்.

"நாந்தாங்கண்ணு. அளவு தெரியாம போட்டுப்போட்டேன்."

நான் போன் செய்த மூன்றாம் நாள் கலவை வாங்கி வந்திருக்கிறார். எடுத்தவுடன் எல்லாவற்றுக்கும் வைக்க வேண்டாம் என்று பம்புசெட் மரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறார். மளிகைக் கடைத் தராசில் முன்னூறு கிராம் நிறுத்து, ஒரு டப்பாவில் கொட்டி, மட்டம் வரும் இடத்தில் ஆணியால் கோடு கீறி வைத்து, அப்படி அளந்து. இருபது நாளில் ஓலை கருகிவிட்டது. மகள் படித்துச் சொன்னது தப்பாக இருக்காது, டப்பாவில்தான் ஏதோ தவறவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். நான் கேட்டால் வருத்தப்படுவேன் என்று ஓலையை வெட்டிவிட்டார். வெங்கடபதி வந்து பார்த்துவிட்டுக் கேட்டபோதும், என் கைப்பிசகு என்றே சொல்லியிருக்கிறார். கூலிக்கு ஏறுவது வேறு, தோப்புப் பார்ப்பது வேறு, இந்த ஆடிக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதெல்லாம் நடந்து இரண்டு வாரம். எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டிக், 402, எட்டு வரி, ஐம்பது கிராம். அப்பாவுக்குப் பாதி புரிந்திருக்காது. நான் சொன்னதுதான் தப்பு, உங்கள் கையில் தப்பில்லை என்று முடித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அப்பா வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் சரியாத்தான் அளந்தனா?"

"சரியாத்தாம்ப்பா அளந்தீங்க."

"முன்னூறு கிராமு?"

"முன்னூறு கிராமு. கரெக்டா."

முகம் எப்படி மாறியது என்று எழுதத் தெரியவில்லை. மூன்று வாரமாக அந்த டப்பாவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார் என்று அம்மா பிறகு சொன்னாள். நாற்பது வருடம் தென்னை மரங்களோடு இருந்த ஆளுக்கு, தன் கையையே நம்ப முடியாமல் போயிருக்கிறது. என்னால்.

"ஏ கருப்பாத்தா, அளவு சரிதானாமா" என்று அம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் மட்டும் அழுதேன்.

அப்படியே வெங்கடபதி வீட்டுக்குப் போனோம். அப்பா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அவர் அப்பாவை 'வாப்பா' என்றார், என்னை 'வாங்க' என்றார். எனக்கு மட்டும் நாற்காலி வந்தது. அப்பாவும் உட்காரட்டுங்க என்று நின்றுகொண்டிருந்தேன். ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளேயிருந்து இன்னொன்றைக் கொண்டுவரச் சொன்னார். அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார்.

தப்பு அப்பாவுடையது இல்லை, நான் கொடுத்த அளவு தப்பு என்று சொல்லி, 402-ஆம் பக்கத்தின் நகலைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். பிறகு என்னிடம் ஒன்றும் பேசாமல் அப்பாவைத்தான் கேட்டார், மீதி நாற்பத்தொன்றுக்கு ஏன் வைக்கவில்லை என்று.

"ஒண்ணுக்கு வெச்சுப் பாத்துட்டு அப்புறம் வெக்கலாமுன்னுதானுங்க."

வெங்கடபதி நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆடி கழியட்டும், பேசலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று திரும்பும் வழியெல்லாம் அப்பாவும் நானும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம்.

ஜூலை 24 – வியாழன்

புதிய பிரசுரம் வந்தது. 50 கிராம் என்று கொட்டை எழுத்தில். ஒன்றை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18 – திங்கள்

குத்தகை மூன்று வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. இதற்கு முன் ஒவ்வொரு வருடமாகத்தான் கொடுத்தார். அம்மா போனில் சொன்னாள். அப்பாவைக் கேட்டேன், தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறாராம், அப்புறம் பேசுகிறாராம். வேலை நேரத்தில் மேசைக்கு அடியில் குனிந்து நான் சிரித்ததைக் கௌதமன் பார்த்துவிட்டான்.

ஆகஸ்ட் 23 – சனி

பிரசுரத்தை விளக்கிச் சொல்ல மேடம் ஆனைமலைப் பக்கம் ஒரு கூட்டம் போடுவதாக இருந்தார். எந்தத் தோப்பில் என்று பேச்சு வந்தபோது, அந்த மரத்தைக் காட்டலாமா, உங்கள் அப்பா சம்மதிப்பாரா என்று என்னிடம் கேட்டார். அப்பாவுக்கு வருத்தமாக இருக்கும் என்று நான் தயங்கினேன். போனில் அம்மாவிடம் சொன்னால், நீ கேட்டியா என்றாள். கேட்டேன். வெட்டிய ஓலையையும் எடுத்து வைக்கட்டுங்களா என்றார் அப்பா.

அறுபது பேர் வந்திருந்தார்கள். வெங்கடபதியும் முன்வரிசையில். நான் கடைசியில், நசுருதீன் பாய் அச்சகத்துக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு. மேடம் ஐம்பது கிராம், வட்டப்பாத்தி, இடைவெளி எல்லாம் சொல்லி முடித்தார். கருகின மரத்தைக் காட்டி, கூடுதலானால் இப்படி ஆகும் என்றார். அதன் குருத்து பச்சையாகத்தான் இருக்கிறது, மரம் பிழைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். இது யார் வைத்தது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருப்பதற்குள் அப்பா முன்னால் போய் மைக்கை வாங்கிக்கொண்டார். அப்பா வாழ்க்கையில் மைக்கைப் பிடித்ததே கிடையாது. வாய்க்கு மிகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், கூவென்று சத்தம் வந்தது.

"வெச்சது நானுங்க. முன்னூறு கிராமு, அளந்துதான் வெச்சேன். அளவு சொன்னது எம்புள்ளைங்க. தப்பாச் சொல்லிப்போட்டா." மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினார். "எட்டு வரிங்க. பெரிய புஸ்தகத்துக்குள்ள கெடந்த எட்டு வரி. பதினோரு வருசமா ஒருத்தரும் பாக்கலீங்களாமா. அதை அவளே தேடிப் புடிச்சு, உங்க கைக்கு வர்றதுக்குள்ள நிறுத்திப்போட்டு, நேரா வந்து எங்கிட்டயும் சொன்னா, தோப்புக்காரருகிட்டயும் சொன்னா. அந்தா, கடைசில நிக்கறா பாருங்க. அவதானுங்க."

அறுபது தலையும் திரும்பியது. கும்பிட்டேன். வேறென்ன செய்ய.

மேடம் மைக்குக்குக் கை நீட்டினார். சொல்ல வேண்டியதெல்லாம் அப்பா சொல்லி முடித்துவிட்டார், இருந்தாலும் கொடுக்க மனசு வரவில்லை. டப்பாவில் ஆணியால் கோடு கீறுவது எப்படி என்று ஆரம்பித்துவிட்டார்.